மழைக்காலத்தில் வீட்டுக்குள் மிளகாய் வளர்க்க எந்த விளக்கை வாங்குவது?

பதிவிட்டவர்: கீழ்ப்பாக்கம் வடக்குப் பால்கனி

அனைவருக்கும் வணக்கம். கீழ்ப்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் குடியிருக்கிறோம். எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது. எதிரே பத்தடித் தூரத்திலேயே அடுத்த கட்டடத்தின் சுவர் நிற்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் காலையிலும் மாலையிலும் சாய்வாகச் சிறிது வெயில் விழும். ஐப்பசி பிறந்துவிட்டால் அதுவும் கிடையாது. மொட்டைமாடியில் தொட்டி வைக்கக் குடியிருப்போர் சங்கம் இசைவதில்லை.

இப்போது என்னிடம் காந்தாரி மிளகாய்ச் செடிகள் இரண்டும், குண்டு மிளகாயும் பஜ்ஜி மிளகாயும் ஒவ்வொன்றும் இருக்கின்றன. இவை தவிர, தைப் பட்டத்தில் நடுவதற்காகக் குண்டு மிளகாய், குடைமிளகாய், மிகக் காரமான பூத் ஜோலோக்கியா மிளகாய் ஆகியவற்றைக் குழித்தட்டில் நாற்று விட வேண்டும். தாம்பரத்தில் தனிவீட்டில் இருக்கும் தங்கையின் மாடிக்குப் பாதி நாற்று போகும். சன்னலோரம் வைத்து நாற்று விட்டால் அவை வெளிறி, நூலாக நீண்டு, அடுத்த இலை விடுவதற்குள் சாய்ந்துவிடுகின்றன. ஆகவே கூடத்தின் மூலையில் இருக்கும் இரும்பு அலமாரித் தட்டில், நான்கடி நீளமும் ஒன்றேகாலடி அகலமும் உள்ள இடத்தில், விளக்கு பொருத்தலாம் என்று எண்ணுகிறேன்.

கடையில் ஊதா நிறத்தில் எரியும் விளக்கு ஒன்றைக் காட்டி, ‘1000 வாட், செடிக்கென்றே செய்தது’ என்றார்கள். சாதாரண டியூப் லைட்டே போதும் என்கிறார் என் கணவர். இங்கிலாந்து, கனடா நாட்டுக் காணொளிகளிலோ, குளிர்காலத்துக்கு முன் வளர்ந்த செடிகளையும் கவாத்து செய்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். ஐயாயிரம் ரூபாய் வரை செலவிட முடியும்; கரண்ட் பில்லும் கையைக் கடிக்கக் கூடாது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: நங்கநல்லூர் மாடித்தோட்டம்

வணக்கம் அம்மா. விளக்கைப் பற்றிப் பேசுமுன், வளர்ந்த செடிகளை விளக்குக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். அந்த நாடுகளில் உறைபனி விழுந்தால் ஒரே இரவில் மிளகாய்ச் செடி கருகிவிடும் என்பதால்தான் அவர்கள் அதை உள்ளே எடுக்கிறார்கள். இலைகளைக் கழித்து, கிளைகளைக் குறைத்து, குளிர்ந்த அறையில் ஏறக்குறைய உறங்கும் நிலையில் வைத்து, வசந்தத்தில் மீண்டும் தளிர்க்கச் செய்கிறார்கள். சென்னையில் மார்கழி இரவும் பெரும்பாலும் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. மிளகாய்க்கு இங்கே எதிரி குளிர் அன்று. விடாத மழையும், தொட்டியில் தேங்கும் நீரும், ஒளிக்குறைவும்தான். மேகம் மூடிய பகலிலும் திறந்தவெளியில் பத்தாயிரம் லக்ஸுக்குக் குறையாமல் ஒளி இருப்பது வழக்கம். அறைக்குள் ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் அது ஆயிரத்துக்கும் கீழே போய்விடும். ஆகவே காந்தாரியையும் மற்ற இரண்டையும் பால்கனியின் விளிம்பிலேயே, மழை நேராக விழாதபடி மேலே ஒளி புகும் தகடு கட்டி வைத்திருங்கள். 2016 டிசம்பரில் வர்தா வந்ததே, அதுபோன்ற புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் ஓரிரு நாள் உள்ளே எடுத்தால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. ஆகவே தெற்குப் பார்த்த சன்னல் எதுவானாலும், அது சமையலறை சன்னலாகவே இருந்தாலும், மழை விட்ட நாள்களில் அதற்குள் வெயில் நன்றாகப் புகும். அப்படி ஒரு சன்னல் உங்கள் வீட்டில் இருந்து, எதிர்க் கட்டடம் அதை மறைக்காவிட்டால், பாதிச் செலவு மிச்சம்.

இனி நாற்றுக்கான விளக்கு. கடைக்காரர் வாட்டைச் சொல்வார், பெட்டியில் லூமென் அச்சிட்டிருக்கும். செடிக்கு இரண்டும் நேரடியாகப் பொருட்டல்ல. வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். லூமெனும் லக்ஸும் மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசம் என்பதைச் சொல்பவை. இலைக்கு வேண்டியது, 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் எத்தனை ஒளித்துகள்கள் அதன்மேல் விழுகின்றன என்பதே. அதை ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் (துகள்களின் எண்ணிக்கைக்கான அலகு; பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்) என்று அளக்கிறார்கள். உச்சி வெயிலில் அது சுமார் 2000 இருக்கும். அந்த அளவை விளக்கு எரியும் விநாடிகளால் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால், ஒரு நாளைக்குச் செடி பெறும் மொத்த ஒளி மோல் கணக்கில் கிடைக்கும். மிளகாய் நாற்று கட்டையாக, தண்டு தடித்து வளர நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து மோல் வேண்டும். காய் பிடிக்க வேண்டுமானால் இருபதுக்கு மேல், முடிந்தால் இருபத்தைந்து.

உங்கள் தட்டுக்கே இதைப் போட்டுப் பார்க்கலாம். நான்கடிக்கு ஒன்றேகாலடி என்பது ஏறத்தாழ 0.46 சதுர மீட்டர். சந்தையில் கிடைக்கும் 20 வாட் எல்இடி டியூப் லைட் ஒன்று 2000 லூமென் தருமென்றால், வெள்ளை ஒளியில் அது விநாடிக்கு 28 மைக்ரோமோல் அளவுக்கு வரும். நான்கு டியூப்களை நெருக்கமாகப் பொருத்தி, பக்கவாட்டில் சிதறிப்போவதைக் கழித்து எழுபது விழுக்காடு தட்டில் விழுவதாகக் கொண்டால், சதுர மீட்டருக்கு 170 மைக்ரோமோல் கிடைக்கிறது. பதினாறு மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்குப் பத்து மோல். நாற்றுக்கு இது சரியாகப் போதும். தட்டின் மூன்று பக்கமும் வெள்ளைத் தெர்மோகோல் நிறுத்தினால் சிதறும் ஒளியில் ஒரு பகுதி திரும்ப வரும். உங்கள் கணவர் சொன்னது நாற்றைப் பொறுத்தவரை சரிதான். ஒரு டியூப் போதுமென்று அவர் எண்ணியிருந்தால் அதை மட்டும் ஏற்காதீர்கள்.

ஊதா விளக்குக்கு வருவோம். பச்சையத்தைப் பிரித்தெடுத்துக் கரைசலாக்கிச் சோதித்தால் அது சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக உறிஞ்சுகிறது. அதை வைத்துத்தான், பச்சை ஒளி செடிக்கு வீண் என்ற பேச்சு வந்தது. முழு இலை அப்படி நடந்துகொள்வதில்லை. பல பயிர்களின் இலைகளை வைத்து மெக்கிரீ என்ற ஆய்வாளர் 1972-இல் வெளியிட்ட அளவீடுகள், பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்குக் கணிசமாகப் பயன்படுகிறது என்று காட்டின. இலையின் ஆழத்துக்கும், மேலிலையைக் கடந்து கீழிலைக்கும் போய்ச் சேர்வதில் அதற்கே வல்லமை அதிகம். வெள்ளை எல்இடி என்பதும் நீல எல்இடியின்மேல் ஒளியின் நிறத்தை மாற்றும் பாஸ்பரைப் பூசியதுதான். ஆகவே நீலமும் பச்சையும் சிவப்பும் ஒன்றாகவே வருகின்றன. இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. ஊதா வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரியும். இலை மஞ்சளிப்பதையும், தளிரின் அடியில் அசுவினி ஒட்டியிருப்பதையும், பூஞ்சாணம் வெளுக்கத் தொடங்குவதையும் கண்ணால் பார்க்க முடியாது. மிளகாயைப் போல் பூச்சிகள் விரும்பும் செடியை அந்த வெளிச்சத்தில் வளர்க்க நான் யாருக்கும் சொல்வதில்லை. கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது தலைவலி.

6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) என்று அச்சிட்ட குளிர்வெள்ளையில் நீலம் கூடுதலாக இருப்பதால் நாற்று குட்டையாக நிற்கும். 4000 கெல்வினும் தவறில்லை. நிறத்தில் வரும் வேறுபாடு, ஒளியின் அளவில் வரும் வேறுபாட்டுக்கு முன்னால் மிகச் சிறியது. டியூப்பை நாற்றின் நுனிக்கு மேல் நான்கிலிருந்து ஆறு அங்குலத்தில் வையுங்கள். செடி வளர வளர உயர்த்தத் தோதாகச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். முளைக்கும் வரை விளக்கே வேண்டாம். 25 முதல் 30 டிகிரி வெப்பமும் ஈரமும்தான் வேண்டும். பூத் ஜோலோக்கியா முளைக்க மூன்று நான்கு வாரம்கூட எடுக்கும் என்பதால் அதை மற்றவற்றுக்கு முன்பே ஊன்றிவிடுங்கள்.


பதில்: பெரம்பூர் மின்பணியாளர்

மேலே ஐயா செடிப் பக்கத்தைத் தெளிவாக எழுதிவிட்டார். மின்சாரப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

‘1000 வாட்’ என்று அட்டையில் போட்டு விற்கும் விளக்குகளில் பலவும் வெறும் நூறு வாட்டுக்குப் பக்கத்தில்தான் இழுக்கின்றன. பழைய சோடியம் விளக்குக்கு ஈடு என்ற பொருளில் அந்த எண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டு மீட்டரை வைத்தே இதைச் சோதிக்கலாம். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்பதுபோல் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதற்கருகில் சிவப்புப் புள்ளி சிமிட்டும். வீட்டில் மற்ற அனைத்தையும் அணைத்துவிட்டு, அந்த விளக்கை மட்டும் எரியவிட்டுப் பத்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். எண் 3200 ஆக இருந்து 53 முறை சிமிட்டினால் விளக்கு 100 வாட். உண்மையிலேயே 1000 வாட்டாக இருந்தால் 533 முறை சிமிட்ட வேண்டும். வாங்கும்போதே பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் உள்ளதா, உள்ளே இழுக்கும் வாட் தனியாக அச்சிட்டுள்ளதா என்று பாருங்கள். அலங்காரத்துக்கு ஒட்டும் வண்ண எல்இடி பட்டைகளை ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் மலிவாகத் தருவார்கள்; நாற்றுக்கு அவற்றின் ஒளி போதாது.

பில் கணக்கு இதுதான். நான்கு டியூப் சேர்ந்து 80 வாட். பதினாறு மணி நேரத்துக்கு 1.28 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 77 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்பதை வைத்து இதுவும் அதற்குள் அடங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். ஃபிரிட்ஜும் ஃபேனுமே அதைத் தாண்டிவிடும். உங்கள் வீட்டுப் பயன்பாடு 500 யூனிட்டை ஒட்டி இருக்கிறதா என்பதைப் பழைய ரசீதில் பாருங்கள். அந்த எல்லையைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும் என்பதால், எல்லையைத் தாண்டவைக்கும் அந்தச் சில யூனிட்டுகளே மொத்த பில்லையும் ஏற்றிவிடும்.

டைமர் கட்டாயம் வாங்குங்கள். திருகி வைக்கும் மெக்கானிக்கல் டைமர் மலிவு. ஆனால் மின்தடை ஏற்பட்ட நேரமெல்லாம் அதன் கடிகாரமும் நின்றுவிடும். மழைக்காலத்தில் ஒரு வாரத்திலேயே அது நள்ளிரவுக்குத் தள்ளிப்போய், கூடத்தில் விளக்கெரியும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரில் இந்தத் தொல்லை இல்லை.

நீர் தெளிக்கும் இடத்தில் மின்சாரம் இருப்பதால் அலமாரியின் இரும்புச் சட்டத்தை எர்த் செய்யச் சொல்லுங்கள். அந்தப் பிளக் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஒயர் பிளக்குக்கு நேராக இறங்காமல், பிளக்கை விடத் தாழ்ந்து தொங்கிப் பிறகு மேலேறும்படி விடுங்கள். வழியும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். விளக்கின் டிரைவரை (எல்இடிக்கு ஏற்ற மின்சாரத்தைத் தரும் பெட்டி) தட்டின்மேல் கிடத்தாமல் பக்கச் சட்டத்தில் கட்டுங்கள். நம் ஊர் வெப்பத்தில் பெரும்பாலும் முதலில் போவது டிரைவர்தான்.


பதிவிட்டவர்: கீழ்ப்பாக்கம் வடக்குப் பால்கனி

இருவருக்கும் மிக்க நன்றி. மீட்டர் சிமிட்டுவதை எண்ணிப் பார்க்கும் வழி என் கணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. தெற்கே குளியலறை சன்னல் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் விளக்கைத் தவிர்க்க முடியாது. இரண்டு ஐயங்கள். டியூப் பொருத்திய பிறகு உண்மையில் எவ்வளவு ஒளி விழுகிறது என்று கருவி வாங்காமல் தெரிந்துகொள்ள வழி உண்டா? குடைமிளகாய் இரண்டை மட்டும் உள்ளேயே வைத்துக் காய்க்க விடலாம் என்று ஓர் ஆசை. அது நடக்குமா, வீண் ஆசையா?


பதில்: நங்கநல்லூர் மாடித்தோட்டம்

மொபைலில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, திரை மேல்நோக்கியிருக்கும்படி மொபைலை நாற்றின் உயரத்தில் வைத்து, தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து பாருங்கள். வெள்ளை எல்இடி ஒளியானால் லக்ஸை 70-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் தோராயமாக வரும். 12,000 லக்ஸ் என்றால் 170. ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. மொபைலுக்கு மொபைல் அளவு மாறும் என்றாலும், நடுவுக்கும் மூலைக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை அது சரியாகவே காட்டிவிடும். மூலையில் பாதிதான் இருந்தால் குழித்தட்டுகளை நாளுக்கொரு முறை இடம் மாற்றுங்கள்.

குடைமிளகாயை உள்ளே காய்க்க விடுவது வேண்டாம் என்பதே என் கருத்து. நாற்றைப் போல் இரண்டரை மடங்கு ஒளி கேட்கும். அந்தப் பில்லுக்குச் சந்தையில் கிலோக்கணக்கில் வாங்கிவிடலாம்.


பதில்: திருவான்மியூர் குடைமிளகாய்

நங்கநல்லூர் ஐயாவுடன் இந்த ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். சந்தை விலையோடு ஒப்பிட்டால் மாடித்தோட்டமே வேண்டாம் என்றுதான் முடியும்.

குடைமிளகாய் சென்னையில் காய்க்காததற்கு முதற்காரணம் வெப்பம். இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேலும், பகல் வெப்பம் 32-க்கு மேலும் போகத் தொடங்கினால் பூக்கள் உதிரும். பிடித்த பிஞ்சும் மஞ்சளித்து விழும். நவம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரைதான் நம் ஊர் இரவு அந்த அளவுக்குக் கீழே இறங்குகிறது. ஆனால் அதே மாதங்களின் முற்பகுதியில் மேகம் மூடி ஒளி குறைகிறது. இந்த இடைவெளியில்தான் விளக்குக்கு உண்மையான வேலை இருக்கிறது. நாற்றுக்கு ஆகும் செலவைவிட இதற்கு ஆகும் செலவுதான் பொருளுள்ளது என்றுகூடச் சொல்வேன். மூடிய கூடம் இரவிலும் 27 டிகிரியில் நிற்கக்கூடும் என்பதால் இரவில் சன்னலைத் திறந்து வைத்தாக வேண்டும்.

இதற்கு டியூப் லைட் சரிப்படாது. நாளொன்றுக்கு 25 மோல் வேண்டுமானால் உங்கள் தட்டளவு இடத்துக்கே பத்து டியூப் வேண்டும். அவற்றை மாட்ட இடமும் இல்லை, 200 வாட் மின்சாரமும் ஆகும். ஒரு ஜூலுக்கு (ஒரு வாட் ஒரு விநாடி எரியும் மின்சாரம்) 2.6 மைக்ரோமோலுக்குக் குறையாமல் தரும் நல்ல வெள்ளை எல்இடி பேனல் 110 வாட்டிலேயே அந்த ஒளியைத் தந்துவிடும். டியூப் தருவது ஜூலுக்கு 1.4 அளவுதான். எல்எம்301 என்ற வகை போன்ற சிறு எல்இடி டையோடுகளைப் பலகை முழுதும் பரப்பிய பேனல்களை ‘குவாண்டம் போர்டு’ என்று விற்கிறார்கள். எந்த டையோடு, என்ன டிரைவர், எவ்வளவு தூரத்தில் எத்தனை மைக்ரோமோல் என்ற வரைபடம் இந்த மூன்றையும் விற்பவர் கொடுக்காவிட்டால் வாங்காதீர்கள். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருப்பது நல்லது. முதலில் ஒன்றரை அடி உயரத்தில் பாதி ஒளியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழு ஒளிக்குக் கொண்டுவர வேண்டும். மேலிலைகள் ஓரம் மேல்நோக்கிக் குவிந்து வெளுத்தால் ஒளி மிகுதி; கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டால் ஒளி குறைவு. தளிர் மட்டும் சுருண்டு, இலையின் அடிப்புறம் பளபளத்து, ஓரம் கீழ்நோக்கி வளைந்திருந்தால் விளக்கைத் தொடாதீர்கள், அது மஞ்சள் சிலந்தி என்னும் கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணியின் வேலை. வீட்டுக்குள் அதை உண்ணும் பூச்சிகள் இல்லாததால் மிக விரைவாகப் பெருகும். வேப்பெண்ணெய்க் கரைசலை விளக்கு அணைந்த பிறகே தெளியுங்கள்.

மிளகாய் பூப்பதற்குப் பகலின் நீளம் தடையில்லை. அதற்காக இருபத்துநான்கு மணி நேரமும் எரியவிட்டால் இலை வெளிறிக் கெடும். ஆறு முதல் எட்டு மணி நேர இருட்டு வேண்டும். உள்ளே காற்று வீசாததால் பூவில் மகரந்தம் தானாக உதிராது. பூ விரிந்த நாளில், முற்பகலில், காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். மேல்தட்டை கழற்றினால்தான் செடிக்கு உயரம் போதும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.


பதிவிட்டவர்: கீழ்ப்பாக்கம் வடக்குப் பால்கனி

நல்ல பேனலின் விலையைப் பார்த்தேன். டியூப்களையும் டைமரையும் சேர்த்தால் என் ஐயாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. ஆகவே இந்த ஆண்டு நான்கு டியூப், டிஜிட்டல் டைமர், சிறிய மேசை ஃபேன் ஒன்று, அதோடு நிறுத்திக்கொள்கிறேன். காலை ஐந்து மணிக்கு எரிந்து இரவு ஒன்பதுக்கு அணையும்படி வைக்கலாம் என்று இருக்கிறோம். குடைமிளகாய் நாற்றுகளையும் தங்கையின் மாடிக்கே அனுப்பிவிடுகிறேன். விளக்கின் கீழ் வளர்ந்தவற்றை நேராக மாடி வெயிலில் நட்டுவிடலாமா?


பதில்: நங்கநல்லூர் மாடித்தோட்டம்

நேராக நடாதீர்கள். விளக்கின் கீழ் அவை கண்டது 170 மைக்ரோமோல். தை மாத நண்பகல் வெயில் அதைப் போல் ஒன்பது பத்து மடங்கு. ஒரே நாளில் இலை வெள்ளைத் திட்டாக வெந்துவிடும். நாற்பது நாள் நாற்றானதும் முதல் இரண்டு நாள் உங்கள் வடக்குப் பால்கனியிலேயே வைத்து, ஃபேன் காற்றுக்குப் பதில் வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். பிறகு தாம்பரம் போனதும் பசுமை நிழல்வலையின் கீழ் வைத்து, காலை எட்டு மணி வரை மட்டும் வெயில் காட்டி, நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் தயாராகிவிடும். அந்த நாள்களில் நீரைச் சற்றே குறைக்க வேண்டும். நடும் நேரம் மாலையாக இருக்கட்டும். பூத் ஜோலோக்கியா மட்டும் நட்ட பிறகும் கோடை முழுவதும் நிழல்வலையின் கீழேயே இருந்தால்தான் பூ நிற்கும் என்பதைத் தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.